தாம்பரம் மாநகராட்சியா, பக்கத்து ஊராட்சியா? வீட்டு வரி, பிளான் அப்ரூவல் பற்றி ஒரு சந்தேகம்

#1 வாடகைவாசி (சனி, இரவு 10:12)

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருஷமாகக் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டு ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். இனிமேல் வாடகை வேண்டாம் என்று மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்து, கடைசியில் இரண்டு வீட்டில் வந்து நிற்கிறோம்.

முதல் வீடு சேலையூர் பக்கம், தாம்பரம் மாநகராட்சிக்குள். அரை கிரவுண்டு மனை. கீழும் மேலுமாக 1,750 சதுர அடி. 2013இல் கட்டியது. 88 லட்சம் சொல்கிறார்கள்.

இரண்டாவது, மாநகராட்சி எல்லையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். கிராம ஊராட்சி. 1,500 சதுர அடி மனையில் 1,400 சதுர அடி வீடு, கீழும் மேலுமாக. புத்தம் புதுசு, இன்னும் யாரும் குடிபோகவில்லை. 82 லட்சம்.

முதல் வீட்டுக்குச் சொத்து வரி அரையாண்டுக்கு 1,420 ரூபாய். இரண்டாவதற்கு வருஷத்துக்கே 1,100தான். புரோக்கர் சொல்வது இது: "கார்ப்பரேஷன்ல வரி ஏறிக்கிட்டே போகும் சார். பஞ்சாயத்துன்னா பிக்கல் பிடுங்கல் இல்ல. பிளானுக்கும் பிரசிடென்ட் கையெழுத்து போதும்." மாமனாருக்கு முதல் வீடு பிடித்திருக்கிறது, மனைவிக்கு இரண்டாவது. நான் நடுவில்.

வரி வித்தியாசம் போகப் போக எவ்வளவு ஆகும்? அனுமதி விதிகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதானா? 60 லட்சம் வங்கிக் கடன் எடுக்க வேண்டியிருக்கும்.

#2 செம்பாக்கத்தான் (சனி, இரவு 10:55)

வரி ஏறிக்கொண்டே போகும் என்று புரோக்கர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

2022 ஏப்ரலில் சீராய்வு வந்தபோது தாம்பரம் மாதிரி மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்கு 25 சதவீதம் ஏறியது. 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் கூடுதல்: 50, 75, 100, 150. அங்கே 1998க்குப் பிறகு வரியைத் தொடவே இல்லை என்பதால் ஒரேயடியாக விழுந்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியை அவ்வப்போது திருத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குப் பின்னால் இருக்கிறது. அப்புறம் 2024 அக்டோபரில் சென்னையில் 6 சதவீதம் ஏறியது.

நான் சொல்ல வருவது வேறு. நான் 2009இல் இங்கே வாங்கியபோது என் வீட்டு ரசீதில் செம்பாக்கம் என்றுதான் இருந்தது, தாம்பரம் இல்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பம்மல், அனகாபுத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் அதில் வந்தன. நான் வீட்டை மாற்றவில்லை, எல்லைதான் என்னைத் தேடி வந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி வாங்கினால் அது வராது என்று யார் சொன்னது?

#3 கணக்குப்புலி (சனி, இரவு 11:30)

வாடகைவாசி சார், நீங்கள் கேட்ட கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முதல் வீடு வருஷத்துக்கு 2,840. இரண்டாவது 1,100. வித்தியாசம் 1,740. உங்கள் 60 லட்சத்துக்கு 8.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் ஒரு நாள் வட்டி மட்டும் சுமார் 1,400 ரூபாய். ஆக வருஷ வரி வித்தியாசம் என்பது ஒன்றேகால் நாள் வட்டி.

பத்திரச் செலவைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 88 லட்சத்துக்கு 7,92,000. இந்தத் தொகையில் உங்கள் வரி வித்தியாசத்தை 455 வருஷம் கட்டலாம். 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணம் 4 ஆக இருந்தது. அதை 2 ஆக்கிவிட்டு, அரசு நிர்ணயிக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்குகிற வேலை, அது தனிக் கதை.

இன்னொன்று, 50 லட்சத்துக்கு மேல் விலை போனால் வாங்குகிற நீங்கள்தான் விற்பவருக்குக் கொடுக்கிற பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்ட வேண்டும். நிறையப் பேர் பத்திரப் பதிவு அன்றைக்குத்தான் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

#4 ஊராட்சி_ராஜா (ஞாயிறு, காலை 6:40)

நான் பதினெட்டு வருஷமாக ஊராட்சியில்தான் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். தெருவில் 14 வீடு, ஒன்றுக்கும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பிளான் கிடையாது. யாரும் வந்து இடிக்கவில்லை. கிணற்றில் வருஷம் பூராவும் தண்ணீர், வாசலில் வேப்பமரம். கார்ப்பரேஷனில் கூடுதல் வரி கட்டி என்னத்தைக் கண்டீர்கள்? அதே குப்பை, அதே கொசு. இணையத்தில் எல்லோரும் வக்கீல் மாதிரி பேசுவார்கள். பயப்படாமல் இரண்டாவது வீட்டை வாங்குங்கள்.

#5 மாடிக்காரி (ஞாயிறு, காலை 8:05)

வாடகைவாசி அண்ணா, எனக்கு உறுத்துவது வேறு. 1,750 சதுர அடிக்கு அரையாண்டு வரி 1,420 மட்டும்தானா? நான் அந்தப் பக்கத்திலேயே 1,100 சதுர அடி வீட்டுக்கு 2,150 கட்டுகிறேன். தெருவுக்குத் தெரு மதிப்பு மாறும், கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதெல்லாம் கணக்கில் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவு கீழே போகாது. ரசீதை எடுத்து அதில் எத்தனை சதுர அடி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால் நாங்கள் ஒருமுறை பட்டுவிட்டோம். வாங்கின வீட்டுக்கு வரிப் பெயர் மாற்ற விண்ணப்பித்தோம். அளவு எடுக்க வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு, "இது கணக்கிலேயே இல்லையேம்மா" என்றார். முந்தைய ஓனர் மாடி எழுப்பியதையே சொல்லவில்லை. விடுபட்ட அரையாண்டுகளுக்கெல்லாம் சேர்த்து எங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. வித்தவர் போனையே எடுக்கவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

#6 வாடகைவாசி (ஞாயிறு, காலை 9:20)

அக்கா, இப்போதுதான் ரசீதை உற்றுப் பார்த்தேன். 790 சதுர அடி என்று இருக்கிறது. தரைத்தளம் மட்டும்தான் போல. புரோக்கருக்குப் போன் போட்டேன். "அது சும்மா சார், வரி கம்மியா வர்றதுக்காக அப்படி. உங்களுக்கும் லாபம்தானே" என்கிறார்.

#7 சைட்_இன்ஜினியர் (ஞாயிறு, காலை 11:48)

வரியைக் குறைக்க மறைத்தார்களா, அனுமதி இல்லாததால் மறைத்தார்களா என்பதுதான் இப்போது கேள்வி. பிளானை வாங்கிப் பாருங்கள். 2013 பிளானில் தரைத்தளம் மட்டும் இருந்து, மாடி பிறகு எழுந்திருந்தால் விஷயம் வரியோடு நிற்காது.

இருபது வருஷமாகச் சென்னைப் புறநகரில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்க்கிற குழப்பம் ஒன்று உண்டு. வீட்டு வரி ரசீது இருந்தால் கட்டடம் சட்டப்படி சரி என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இபி கார்டு, வரி ரசீது, குடிநீர் இணைப்பு, மூன்றையும் லேமினேட் செய்து கையில் கொடுத்து "எல்லா பேப்பரும் கிளியர்" என்பார் புரோக்கர். உள்ளாட்சி வரி போடுவது அங்கே ஒரு கட்டடம் நிற்கிறது என்பதற்காக மட்டும். அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். வரி கட்டியதால் அது அனுமதி பெற்றதாகிவிடாது.

அனுமதி இல்லாத மாடியைப் பிறகு வரன்முறைப்படுத்த முடியுமா என்றால், நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ, 113சி என்று இரண்டு பிரிவுகள் வந்தன. முதலாவது 28.2.1999க்கு முன் கட்டியவைக்கு. இரண்டாவது 1.7.2007க்கு முன் கட்டியவைக்கு. உங்கள் வீடே 2013இல் கட்டியது. இரண்டிலும் இடமில்லை.

விதிகள் ஒன்றா என்று கேட்டீர்கள். கட்டட விதி ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநகராட்சிக்கும் பொருந்தும், கிராம ஊராட்சிக்கும் பொருந்தும். எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. மாறுவது யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது. உங்கள் இரண்டு வீடும் பழைய 1,189 சதுர கிலோமீட்டர் சிஎம்டிஏ எல்லைக்குள்ளேயே வரும் என்று நினைக்கிறேன். கூடுவாஞ்சேரி மாதிரி தெற்கே தள்ளிப் போனால் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம். 2022இல் சிஎம்டிஏ எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை வந்தது, அதனால் அங்கே வாங்குகிறவர்கள் எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சின்ன வீடுகளுக்குச் சிஎம்டிஏ தன் அதிகாரத்தை உள்ளாட்சிக்கே பிரித்துக் கொடுத்திருக்கிறது: 10,000 சதுர அடி, 8 வீடு வரை. இதைத்தான் புரோக்கர்கள் "பிரசிடென்ட் கையெழுத்துப் போதும்" என்று சுருக்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் வேறு, மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது வேறு. லேஅவுட்டுக்கு ஊராட்சித் தலைவர் தனியாக அனுமதி கொடுக்க முடியாது. "பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை" என்று விளம்பரப் பலகையில் பார்த்தால் அதை அப்ரூவல் இல்லாத மனை என்றே வாசியுங்கள்.

#8 ஊராட்சி_ராஜா (ஞாயிறு, பகல் 12:30)

அப்படியென்றால் பதிவு அலுவலகத்தில் எப்படிப் பத்திரம் போடுகிறார்கள்? அரசாங்கமே பதிந்து கொடுக்கிறது, நீங்கள் செல்லாது என்கிறீர்கள்.

#9 சைட்_இன்ஜினியர் (ஞாயிறு, பகல் 1:15)

நல்ல கேள்வி சார். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியவே கூடாது என்று தடை போட்டது. மாதக்கணக்கில் பதிவு அலுவலகங்கள் ஈ ஓட்டின. பிறகு 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 20.10.2016க்கு முன்பே வீட்டுமனையாக ஒருமுறை பதிவாகியிருந்தால் அந்த மனையை மறுபடி பதியலாம் என்று சட்டத்திலேயே இடம் விட்டார்கள். அதனால் பத்திரம் பதிவாகும். அதற்கும் கட்டட அனுமதிக்கும் சம்பந்தமில்லை. அந்த மனையில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் முதலில் வரன்முறை ஆணையைக் கொண்டு வா என்பார்கள்.

உங்கள் தெருவில் யாரும் இடிக்க வரவில்லை என்பதை நம்புகிறேன். பெரும்பாலும் வரமாட்டார்கள். வங்கிக்காரர் வருவார். நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் கடன் கேட்பார், வங்கியின் வக்கீல் பிளான் கேட்பார், ரொக்கமாகக் கொடுக்கிற ஆள் மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சுவார். அவர் பத்து லட்சம் குறைத்துக் கேட்பார்.

#10 டாலஸ்காரன் (ஞாயிறு, மாலை 6:02)

உங்கள் 1,420 ரூபாயைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டெக்ஸாஸில் புறநகர் வீடு ஒன்று வைத்திருக்கிறேன். மாநில வருமான வரி கிடையாது, அதற்கெல்லாம் சேர்த்து வீட்டில் பிடுங்கிவிடுவார்கள். சந்தை மதிப்பில் சுமார் 2 சதவீதம். சென்ற வருஷம் 8,400 டாலர் கட்டினேன். அதில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. வருஷா வருஷம் மதிப்பை ஏற்றி நோட்டீஸ் அனுப்புவார்கள், மே 15க்குள் "அவ்வளவு மதிப்பு இல்லை" என்று மனுப் போட்டு வாதாடலாம். சொந்தமாகக் குடியிருக்கிற வீடு என்றால் வரி மதிப்பை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. இங்கே இரண்டு ஊரின் வரி விகிதத்தைப் பார்த்துத்தான் வீட்டையே தேர்ந்தெடுப்போம், ஏனென்றால் மாதத் தவணையில் பாதி அளவுக்கு வரி வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தப் பழக்கத்தில் அப்பாவுக்காகச் சிட்லபாக்கத்தில் வீடு பார்த்தபோதும் நான் முதலில் வரியைத்தான் விசாரித்தேன். அப்பா சிரித்தார். "வரி கிடக்கட்டும், மூலப் பத்திரத்தைக் கேளுடா" என்றார். டெக்ஸாஸில் வரி பெரிசு, பத்திரத்தைப் பார்த்துக்கொள்ளக் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. சென்னையில் வரி கொசுறு, பத்திரத்தைப் பார்க்க வேண்டியது நாம்.

#11 மடிப்பாக்கம்_மாமி (ஞாயிறு, இரவு 8:45)

வரி என்று ஒன்றை மட்டும் பேசுகிறீர்களே. சென்னை மாநகராட்சிக்குள் சொத்து வரியோடு முடியாது. குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் குடிநீர், கழிவுநீர் வரி, ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மடிப்பாக்கம் எல்லாம் 2011இல்தான் சென்னையோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் எங்களுக்கும் ஊராட்சி வரிதான். மாமா அந்தப் பழைய ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், எதற்கென்றுதான் தெரியவில்லை.

ஊராட்சியில் வரி கம்மி, சரி. செப்டிக் டேங்க் லாரி? கோடையில் தண்ணீர் லாரி? என் தங்கை ஊராட்சிப் பகுதியில் இருக்கிறாள். போன மே மாதம் மட்டும் நாலு லாரி வாங்கினாள், லாரிக்கு 1,800. அந்த ஒரு மாதத்திலேயே மூன்று வருஷத்து வரிக்காசு போய்விட்டது.

சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி. நான் ஏப்ரல் மாதச் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுவேன்.

#12 பழைய_சர்வேயர் (திங்கள், காலை 5:50)

நிலஅளவைத் துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, நீங்கள் வீட்டைப் பார்த்தீர்கள், ரசீதைப் பார்த்தீர்கள், நிலத்தைப் பார்த்தீர்களா?

இரண்டாவது வீட்டின் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுங்கள். பட்டா யார் பெயரில் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அ-பதிவேட்டை யாரும் பார்ப்பதில்லை. நன்செய், புன்செய், நத்தம், மேய்க்கால், ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு என்று நிலத்தின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது.

புலப்படம் என்பது நிலத்தின் அளவு வரைபடம், நீங்கள் எஃப்எம்பி என்பீர்கள், அதில் உங்கள் எண்ணை ஒட்டிச் சன்னமாக நீளமாக ஒரு துண்டு தனி எண்ணோடு போகிறதா என்று பாருங்கள். போனால் அது பெரும்பாலும் வாய்க்கால், இல்லாவிட்டால் வண்டிப்பாதை. தாம்பரத்துக்குக் கிழக்கே எல்லாம் ஏரிப் பாசன நிலம். செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் என்று ஏரிக்கு ஏரி சங்கிலி. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போக வழி வேண்டும். அந்த வழியில்தான் இன்று மனை போட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் எப்படிப் போயிற்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீருக்கு வரி ரசீது தெரியாது.

#13 மாடிக்காரி (திங்கள், காலை 9:30)

சர்வேயர் ஐயா, கடைசி வரியைப் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டப் போகிறேன்.

வாடகைவாசி அண்ணா, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கமும் பார்க்கிறீர்கள் என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. என் சித்தப்பா மகன் அங்கே மனை வாங்கிவிட்டு பிளான் போட முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

#14 வாடகைவாசி (புதன், இரவு 9:58)

இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வீடு. ஓனரிடம் நேரிலேயே பிளான் கேட்டேன். பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தார். தரைத்தளம் மட்டும், 790 சதுர அடி. மாடி 2016இல் கட்டினாராம். "தெருவுல யாரு சார் பிளான் போட்டாங்க? நாலு லட்சம் குறைச்சுக்கறேன், பேசாம வாங்கிக்குங்க" என்றார். கொஞ்சம் சபலப்பட்டேன், மறைக்கவில்லை. வங்கியில் விசாரித்தேன். மதிப்பீட்டாளர் பிளானில் உள்ள தரைத்தளத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார், 60 கிடைக்காது, 40 தாண்டுவதே கஷ்டம் என்றார்கள். வட்டி கூடுதலாகப் போட்டு முழுத் தொகையும் தருகிற தனியார் நிதி நிறுவனம் ஒன்றைப் புரோக்கரே சொல்கிறார். அதற்கும் கமிஷன் இருக்கும் போல. முதல் வீடு முடிந்தது. மாமனாருக்குத்தான் வருத்தம்.

இரண்டாவது வீடு. "அப்ரூவ்டு மனை" என்று காட்டிய காகிதத்தை இன்ஜினியர் சாருக்கு அனுப்பியிருந்தேன். அவரே சொல்லட்டும்.

#15 சைட்_இன்ஜினியர் (புதன், இரவு 10:40)

பார்த்தேன். அது பொய்க் காகிதம் இல்லை, ஆனால் பாதிக் காகிதம். 2017 திட்டத்தில் இரண்டு படி உண்டு. முதலில் மொத்த மனைப்பிரிவின் அமைப்புக்குக் கொள்கை அளவில் ஒப்புதல். அப்புறம் ஒவ்வொரு மனைக்காரரும் தன் மனைக்குக் கட்டணம் கட்டித் தனித்தனியாக வரன்முறை ஆணை வாங்க வேண்டும். அவர்கள் காட்டியது முதல் படி. அந்த மனைக்கு இரண்டாவது படி நடக்கவே இல்லை. வரன்முறை இல்லாத மனையில் வீடு கட்டியதால் கட்டட அனுமதியும் இருக்க வாய்ப்பில்லை. ஊராட்சி முத்திரை குத்திய ஒரு வரைபடம் மட்டும் இருக்கிறது.

வேதனை என்னவென்றால், முறைப்படி போயிருந்தால் இந்த வீட்டுக்கு அனுமதி வாங்குவது மிகச் சுலபம். 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு, தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும். ஒற்றைச் சாளரத் தளத்தில் விவரம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. இவர்கள் வீடு 1,400 சதுர அடி. மனையை மட்டும் முதலில் வரன்முறை செய்திருந்தால் முடிந்திருக்கும். சோம்பலா, கட்டணத்தை மிச்சம் பிடித்தார்களா தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டடம் அனுமதிப்படி கட்டி முடிந்தது என்கிற நிறைவுச் சான்றைப் பார்த்துவிட்டுத்தான் வங்கிகள் கடன் தர வேண்டும், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதிலிருந்து வங்கி வக்கீல்கள் முன்னைவிடக் கெடுபிடி.

#16 கணக்குப்புலி (வியாழன், காலை 7:15)

விற்பவர் செலவிலேயே வரன்முறை ஆணை வாங்கித் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் என்று பேசுங்கள். "அட்வான்ஸ் கொடுங்கள், அதை வைத்து வாங்கித் தருகிறோம்" என்பார்கள். விழாதீர்கள். மனைவி பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று யாராவது சொன்னால், அது 10 லட்சம் வரையான சொத்துக்குத்தான். உங்களுக்கு வராது.

#17 ஊராட்சி_ராஜா (வியாழன், காலை 8:20)

நானும் நேற்று என் பத்திரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் மனைப்பிரிவுச் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகவே இல்லை. 20 அடித் தெரு இன்னும் லேஅவுட் போட்டவரின் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று பிள்ளைகள். இன்ஜினியர் சார், உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

வேப்பமரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

#18 பழைய_சர்வேயர் (வியாழன், மாலை 4:10)

தம்பி, புலப்படம் எடுத்தீர்களா?

#19 வாடகைவாசி (வியாழன், இரவு 9:05)

எடுத்தேன் ஐயா. நீங்கள் சொன்ன மாதிரியே கிழக்கு ஓரத்தில் சன்னமாக ஒரு துண்டு, தனி எண்ணோடு போகிறது. அ-பதிவேட்டில் "வாய்க்கால்" என்று இருக்கிறது. ஆனால் வீட்டைப் பார்க்க நாலு தடவை போயிருக்கிறேன், அங்கே வாய்க்கால் எதையும் பார்த்த ஞாபகமே இல்லை. சனிக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன்.

#20 வாடகைவாசி (சனி, பகல் 12:35)

அளந்துவிட்டேன். வாய்க்கால் கார் ஷெட்டுக்கு அடியில் இருக்கிறது.